கீழ்வரிசையில் மூன்றாவது முகம்

செங்குளம் விலக்கில், தென்காசி போகிற பஸ்ஸும் ராஜபாளையம் போகிற பஸ்ஸும் அரை நிமிடம் நின்று மூச்சு வாங்கிப் போகிற இடத்தில், செல்வக்கனிக்குப் போலீஸ் வேலை கிடைத்த சந்தோஷத்துக்காக எங்கள் தெரு வைத்த பத்துக்கு எட்டு ஃப்ளெக்ஸில், கீழ்வரிசையில் மூன்றாவது வட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்த இசக்கியம்மாளின் முகம், நான்காம் நாள் காலையில் கொஞ்சமாகத் திரும்பியிருந்தது. முதல் நாள் பார்த்தவர்களுக்கு அவளுடைய இரண்டு காதும் தெரிந்தன. நான்காம் நாள் ஒரு காதுதான் தெரிந்தது. முதலில் பார்த்தது டீக்கடை காசிப்பாண்டி. பால் பொங்குகிற நேரம் என்பதால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அந்தப் பிள்ள யாரையோ தேடுது போல" என்று எட்டு மணி பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் சொல்லிவிட்டு, கிளாஸ் கழுவப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் காது குத்தினாலும் ஃப்ளெக்ஸ், கல்யாணத்துக்கும் ஃப்ளெக்ஸ், டிராக்டர் வாங்கினாலும் ஃப்ளெக்ஸ், செத்தாலும் ஃப்ளெக்ஸ். எதுவானாலும் கீழே 'வாழ்த்தும் நெஞ்சங்கள்' என்று ஒரு வரிசை உண்டு. வட்ட வட்டமாக முகங்கள், முகத்துக்குக் கீழே பெயர். அந்த வரிசையில் ஒரு முகம் விட்டுப்போனால் இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இருக்காது. ஆனால் அந்த வட்டங்களுக்குள் இதுவரை இருந்ததெல்லாம் ஆண்பிள்ளை முகங்கள்தான். ஏழு பெண்பிள்ளைகள் வரிசையாக வெயிலில் பல்லைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றது இதுதான் முதல் தடவை. அதற்கே இரண்டு வீட்டில் முணுமுணுத்தார்கள். கனியின் அம்மைதான், "மேல எம்மவ போலீஸ் உடுப்புல நிக்கா, எவன் என்ன சொல்லிருவான், வரச் சொல்லு பாப்போம்" என்று தெருவில் நின்று கேட்டு, முணுமுணுப்பை முடித்துவைத்தாள்.

அந்த ஃப்ளெக்ஸைச் செய்ததும் இசக்கிதான். ஆறுமுகநயினார் அண்ணாச்சியின் ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, கல்யாண மாப்பிள்ளைகளின் பருவை எடுப்பது, கறுத்தவர்களை வெளுப்பது, செத்தவர்களின் கண்ணைத் திறப்பது என்று மூன்று வருஷமாக அவள் பார்க்கிற வேலை அது. கனியும் அவளும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு திரிகிறவர்கள். போலீஸ் ஆசை முதலில் வந்தது இசக்கிக்கு. கனிக்கு அப்படி ஒரு ஆசையே கிடையாது. தினமும் காலை ஐந்து மணிக்கு இசக்கி ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள், கனி கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்து வருவாள், பள்ளிக்கூட மைதானத்தில் இசக்கி முன்னால் ஓட, கனி பின்னால் இழுத்துக்கொண்டு ஓடுவாள். எழுத்துத் தேர்வில் இசக்கி கனியைவிடப் பதினொரு மதிப்பெண் அதிகம். பிறகு உயரம் பார்க்கக் கூப்பிட்டார்கள்.

எங்கள் ஊரில் எதையும் அடியில்தான் அளப்போம். அண்ணாச்சி அவளைக் கடைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, தலையில் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு, ஃப்ளெக்ஸ் அளக்கிற டேப்பால் அளந்து, ஐந்தடி இரண்டரை அங்குலம் என்றார். போலீஸில் கேட்ட நூற்றைம்பத்தொன்பது சென்டிமீட்டருக்கு அது சரியாகத்தான் வரும், கவலைப்படாதே என்றார். ஃப்ளெக்ஸ் கடைக்காரர்களுக்கு எப்போதும் ஓரம் மடிக்க ஒரு அங்குலம் கையில் இருக்கும். அதனால் முன்னே பின்னே இருந்தாலும் சரியாகிவிடும் என்று அவர்கள் வாழ்ந்து பழகியவர்கள். அங்கே, போலீஸ் மைதானத்தில், ஒரு பெண் அதிகாரி கம்பியை இறக்கி இசக்கியின் தலையில் வைத்து, கால் சென்டிமீட்டர் குறைகிறது என்று சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அடுத்த ஆள் கனி.

கனி தேர்வானாள். இசக்கி அழவில்லை. கனியின் அம்மை போட்ட கூப்பாட்டில் தெருவே கூடியபோது முதலில் போய்க் கட்டிப்பிடித்ததும், கனி ஃபோனில் படம் போட்ட ஐந்தாவது நொடியில் சிவப்பு இதயம் அனுப்பியதும், "ஃப்ளெக்ஸ் என் பொறுப்பு, யாரும் வாயத் தொறக்கப்பிடாது" என்று சொன்னதும் அவள்தான். கடைக் கம்ப்யூட்டரில் தலையில்லாத உடம்புகள் ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கும். கோட்டுப் போட்ட உடம்பு, பட்டுவேட்டி உடம்பு, வக்கீல் உடம்பு, போலீஸ் உடம்பு. வருகிறவர்களின் தலையை எடுத்து அதில் வைப்பதுதான் தொழில். கனிக்கு இசக்கி எடுத்த உடம்பு அந்த ஃபோல்டரில் உள்ளது அல்ல. ஓட ஆரம்பித்த முதல் மாதம், கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம், அவள் தனக்காகத் தேடி எடுத்து, தோள்பட்டையை இழைத்து, இடுப்பு பெல்ட்டைப் பளபளப்பாக்கி, தன் தலையை வைத்துப் பார்த்துச் சேமித்து, யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த உடம்பு அது. ஊரிலேயே நல்ல உடம்பு அதுதான். கனிக்கு நல்லதைக் கொடுக்க வேண்டும் என்று தன் தலையை அழித்துவிட்டு அதில் கனியின் தலையை வைத்தாள்.

இன்னொன்றும் செய்தாள். ஆனி ஆடிக் காற்றுக்கு ஃப்ளெக்ஸ் கிழியாமல் இருக்க, அங்கங்கே பிளேடால் பிறை பிறையாகக் கீறி, காற்று போக வழி விடுவது வழக்கம். இதில் ஒரு கீறல்கூடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அதனால் அந்த ஃப்ளெக்ஸ் முதல் நாளிலிருந்தே சவுக்குக் கம்பில் நிற்கமாட்டாமல் படபடவென்று அடித்துக்கொண்டு, கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் அவள் முகத்தில் மூக்கு நுனியும் கன்னமும் மட்டும் தெரிந்தன. ஆறாம் நாள் காதும் கழுத்தும். ஏழாம் நாள் அந்த வட்டத்துக்குள் இரட்டைச் சடையின் வகிடு நேராகத் தெரிந்தது. முகம் முழுதாக அந்தப் பக்கம் போய்விட்டது. கீழே 'இசக்கியம்மாள், டிசைனர்' என்ற பெயர் மட்டும் ரோட்டைப் பார்த்திருந்தது. அவள் சிரிக்கிற வேறொரு படத்தை வட்டமாக அச்சடித்து, ஏணி போட்டு ஏறி, பழையதன்மேல் ஒட்டினாள். அது ஒரே நாளில் திரும்பியது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்த படத்தை ஒட்டினாள். அது மத்தியானத்துக்குள் திரும்பியது. மூன்றாவதை ஒட்டிவிட்டு ஏணியிலிருந்து அவள் இறங்குவதற்குள் அது தாடையைத் திருப்பிவிட்டது. அதற்குப் பிறகு அவள் ஏறவில்லை.

ஊர் என்ன செய்யும்? ஊருக்கு வேலை இருக்கிறது. ஆறுமுகநயினார், "மேக்காத்தும் வெயிலும் சேர்ந்து அடிச்சா மை இளகத்தான் செய்யும்" என்றார். ஆனால் மற்ற ஆறு முகத்தின் மை ஏன் இளகவில்லை என்று கேட்டதற்கு, அவருக்கு உள்ளே வேலை இருந்தது. கனியின் அம்மை உப்பும் மிளகாயும் கொண்டுவந்து ஃப்ளெக்ஸை மூன்று சுற்று சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி தெரு முழுக்கப் போய் எல்லாரும் இருமினார்கள். கண்ணேறு என்றால் நெடி வராது அல்லவா, ஆகவே இது கண்ணேறு இல்லை, வேறே என்னவோ என்று தெரு தீர்மானித்தது. தென்காசி பஸ்ஸின் கண்டக்டர் அரை நிமிடத்தை ஒரு நிமிடமாக்கி, சன்னலோரம் இருப்பவர்களுக்குக் கையைக் காட்டி விளக்கம் சொல்லத் தொடங்கினார். எந்த மாமியாருக்கும் மருமகளுக்கும் இதில் அபிப்பிராயம் இல்லாமல் இல்லை.

பிறகுதான் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பழைய ஃப்ளெக்ஸைத் தேடிப் போனார்கள். பழைய ஃப்ளெக்ஸ் எங்கே இருக்கும்? மாட்டுக்கொட்டகைக் கூரையில், வைக்கோல் படப்பின் மேல், குளிக்கிற இடத்து மறைப்பில். பன்னிரண்டு வருஷமாகத் தன் படப்பை மூடிக்கொண்டிருந்த கல்யாண ஃப்ளெக்ஸை எங்கள் தெரு மரியதாஸ் உருவிப் பார்த்தபோது, கீழ்வரிசையில் அவனுடைய உயிர்ச் சிநேகிதன் பிடரியைக் காட்டிக்கொண்டிருந்தான். "என் பிள்ளைக்கு ரத்தம் வேணும்னு நான் ஓடுனப்ப, மொதல்ல கைய நீட்டுனவன் அவந்தானல" என்று படப்பிடம் சொல்லிவிட்டுத் திரும்பவும் மூடினான். எல்லாரும் அவனைப் போல இல்லை. இரண்டு பேர் கைகலப்பானார்கள். சிலர் தங்கள் சொந்த முகத்தையே தேடிப் போய், அடுத்தவர் வீட்டுக் கொட்டகையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் அண்ணாந்து பார்த்துவிட்டு, வாளியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். நானும் ஒரு இடத்துக்குப் போனேன். என்ன பார்த்தேன் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

கடையில் புது ஆர்டர் கொடுக்க வந்தவர்கள், "எங்க சகலை முகத்தக் கண்டிப்பா போடுங்க அண்ணாச்சி, பாத்துருவோம்" என்றார்கள். படம் கேட்டு யாருக்கெல்லாம் ஃபோன் போனதோ அவர்கள், "என் படம் எதுக்கு, நான் நேர்லயே வந்து நிக்கேன்" என்றார்கள். அண்ணாச்சி பில்லின் அடியில், 'கட்டிய பின் முகம் திரும்பினால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று ஒரு வரி சேர்த்தார். அந்த வரியை அடித்துக்கொடுத்ததும் இசக்கிதான். ஊரில் ஒருவர்கூட இதைப்பற்றி அவள் முகத்துக்கு நேராகப் பேசவில்லை. அவள் வருகிறாள் என்றால் குற்றாலத்தில் தண்ணீர் எப்படி என்று கேட்டுக்கொண்டார்கள். அது இரக்கமா குரூரமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கனி திங்கட்கிழமை பயிற்சிக்குப் போக வேண்டும். கொண்டுபோக வேண்டிய சாமான் பட்டியலை இசக்கி எடுத்துக்கொண்டாள். டிரங்குப் பெட்டி, வெள்ளை ஷூ, தட்டு, பூட்டு என்று ஒவ்வொன்றாக வாங்கி, ஒவ்வொன்றிலும் கனியின் பெயரை ஒட்டி, கனி இல்லாத நேரம் பார்த்து அவள் அம்மையிடம் கொடுத்துவிட்டு வந்தாள். கனி எதிர்ப்பட்டால், "நூறு மீட்டருக்கே உனக்கு மூச்சு வாங்கும், அங்க போயி எங்க மானத்த வாங்கிராத" என்பாள், சிரிப்பாள், கனியும் சிரிப்பாள், யாரோ கூப்பிட்ட மாதிரி இருவரும் பிரிந்து போவார்கள். எட்டு வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் தின்ற பிள்ளைகள். ஊரில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தது ஃப்ளெக்ஸை; உடைந்துகொண்டிருந்தது இது.

வெள்ளிக்கிழமை காலையில் கனியின் தாய்மாமன் கடையநல்லூரிலிருந்து வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்டது அந்தப் பிடரிதான். நல்ல காரியத்துக்குப் போகிற பிள்ளைக்கு முதுகு காட்டிக்கொண்டு ஒரு முகமா என்று, காசிப்பாண்டியின் ஏணியை வாங்கிப் போட்டு, பிளேடோடு ஏறிவிட்டார். பின்னாலேயே ஓடிவந்த கனி ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, எறங்குங்க."

"இந்தச் சவத்த வெட்டி எறிஞ்சிட்டு எறங்குதேன்."

"அது அவ முகம் மாமா. அது எந்தப் பக்கம் பாத்தாலும் அவ முகந்தான். நீங்க வெட்டுனா நான் திங்கக்கெழம போவ மாட்டேன்."

பதினைந்து பேர் நின்றார்கள். மாமா இறங்கினார். கனி பிளேடைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்படியே நடந்து ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனாள். அங்கே கரண்ட் இல்லை, மெஷின் நின்றுபோயிருந்தது, பாதி அச்சான ஒரு மாப்பிள்ளை நெற்றியோடு தொங்கிக்கொண்டிருந்தான். அண்ணாச்சி இருவரையும் பார்த்தார், டீ குடிக்கப் போனார்.

"பட்டியல்ல டார்ச் லைட் விட்டுப்போச்சு, வாங்கி வச்சிருக்கேன்" என்றாள் இசக்கி.

"எனக்கு டார்ச் லைட் வேண்டாம்ட்டி. என்னை ஏசு."

"எதுக்கு ஏசணும்? நீ என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல. அதுக்குத்தான் ஏசு."

இசக்கி மௌஸைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கரண்ட் இல்லாத மௌஸை நகர்த்தினாள். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"எனக்கு வயிறு எரியுது கனி. உன் அம்மை கூப்பாடு போட்டாள்லா, அப்பத்துலேர்ந்து எரியுது. நிக்கவே இல்ல. உனக்கு ஷூ வாங்கப் போனேன்லா, அங்கன நின்னுக்கிட்டு அர சைஸ் சின்னதா வாங்கிருவமான்னு நெனச்சேன். நீ ஓட முடியாம திரும்பி வந்துருவன்னு நெனச்சேன். வாங்கல. ஆனா நெனச்சேன்ட்டி. நான்தான நெனச்சேன், வேற யாரு." மௌஸைத் தள்ளிவைத்தாள். "அந்த உடம்பு எனக்கு வச்சிருந்தது. போட்டு வச்சுப் பாத்துட்டே இருப்பேன். அதுல உன் தலைய வச்சேன். நல்லதச் செய்யணும்னுதான் வச்சேன். வச்சதுலேர்ந்து அந்தப் பக்கம் பாக்க முடியல."

"எனக்குத் தெரியும்" என்றாள் கனி.

"எது தெரியும்?"

"அது உன் உடம்புன்னு. வா, காட்டுதேன்."

விலக்குக்கு இருவரும் ஒன்றாக வந்ததைப் பார்த்து டீக்கடையில் பேச்சு நின்றது. கனி ஏணியைக் காட்டி ஏறச் சொன்னாள். "கீழ் வரிசைய ஊரே பாக்கு. மேல என் நெஞ்சுல பாரு" என்றாள். இசக்கி ஏறினாள். படபடத்துக்கொண்டிருந்த ஃப்ளெக்ஸை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காக்கிச் சட்டையின் வலது நெஞ்சில், ஆள் கை அகலத்துக்கு இருந்த கறுப்புப் பெயர் பேட்ஜைப் படித்தாள். இசக்கியம்மாள் என்று அதில் வெள்ளையாக எழுதியிருந்தது. கடையில் ஆள் இல்லாத அந்த மத்தியானம் அவளே அடித்து வைத்தது. தலையை மாற்றியவள் பெயரை மாற்ற மறந்திருந்தாள். இத்தனை நாளாக ஊரெல்லாம் கூடி நின்று, கீழே திரும்பிப்போன முகத்தைப் பார்த்தோமே தவிர, மேலே நெஞ்சில் இருந்ததை எங்களில் ஒருவரும் படிக்கவில்லை.

"மொத நாளே பாத்தேன்" என்றாள் கனி, கீழே ஏணியைப் பிடித்தபடி. "சொன்னா நீ ஓடிவந்து அழிச்சிருவ. அதான் சொல்லல. என்னைத் தூக்கத்துலேர்ந்து எழுப்பிக் கூட்டிட்டுப் போனவ நீ. நான் உன் உடுப்புக்குள்ள தலைய நீட்டிட்டு நிக்கேன்ட்டி. உன் எதுத்தாப்ல வர எனக்குக் கூசுது."

இசக்கி ஏணியிலேயே நின்று அழுதாள். பஸ் வந்து நின்று, ஒரு நிமிடம் கழிந்து, ஒன்றரை நிமிடம் கழிந்து, கண்டக்டருக்கு விசில் கொடுக்க மறந்துபோனது. அழுது முடித்துவிட்டுக் கையை நீட்டினாள். கனி பிளேடைக் கொடுத்தாள். இசக்கி அந்தப் பேட்ஜை நான்கு பக்கமும் நேராக, தொழில் தெரிந்த கையால் கீறி எடுத்தாள்.

எடுத்த இடத்தில் காற்று புகுந்தது. பத்து நாளாகக் கயிற்றை இழுத்துக்கொண்டு அடித்துக்கிடந்த ஃப்ளெக்ஸ், அந்த ஒரு வழி கிடைத்ததும் அடங்கி நின்றது. அதன் சத்தத்துக்கு எங்கள் காது எவ்வளவு பழகியிருந்தது என்பது அது நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"அத எங்கிட்டக் குடு, நான் கொண்டுபோறேன்" என்றாள் கனி.

"இல்ல. இது எனக்கு." இசக்கி அதை இரண்டாக மடித்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அந்த வட்டத்துக்குள் ஒரு காது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மூக்கு நுனி. திங்கட்கிழமை காலை கனியை வழியனுப்ப நாங்கள் எல்லாரும் விலக்குக்குப் போனபோது, கீழ்வரிசையில் மூன்றாவது முகம் நேராக எங்களைப் பார்த்திருந்தது. சிரிக்கவில்லை. மற்ற ஆறு பேரும் சிரித்துக்கொண்டிருக்க, அது மட்டும் கண் சிவந்து, உதடு இறுகி, ஆனால் நேராகப் பார்த்தது. எங்களில் பலர் அந்த முகத்துக்குத்தான் மரியாதை செய்தோம் என்று நினைக்கிறேன்.

இசக்கியும் வந்திருந்தாள். டிரங்குப் பெட்டியை அவளே பஸ்ஸில் ஏற்றினாள். கனி படியில் நின்றாள்.

"இன்னும் எரியுதா?" என்று கனி எல்லார் முன்னாலேயும் கேட்டாள்.

"எரியத்தான் செய்யுது. அது பாட்டுக்கு எரியட்டும். நீ போயிட்டு வா."

"ஃபோன் பண்ணுவியா?"

"காலைல அஞ்சு மணிக்கு மிஸ்டு கால் குடுப்பேன். எந்திரிச்சு ஓடு."

"அங்கன ஃபோன வாங்கி வச்சிருவாங்களாம்ட்டி."

"வச்சா வைக்கட்டும். நான் குடுப்பேன்."

பஸ் போனது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு இசக்கி மிஸ்டு கால் கொடுத்தாள். எங்கோ ஒரு பூட்டிய அலமாரிக்குள் அது இரண்டு தடவை அடித்து நின்றிருக்கும். எடுப்பதற்காகக் கொடுக்கிற அழைப்பு இல்லை அது, எந்த நாளும் இருந்ததில்லை. அவள் ஃபோனை வைத்துவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனாள்.